தப்பாகக் கட்ட விடுங்கள்: டிஎன்ஏவையும் புரதத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்துக் கற்பிக்க ஒரு வழிகாட்டி

பினாங்கில் படிவம் நான்கு, ஐந்து, ஆறு மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளியில் கற்பித்தாலும் சரி, பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ வார இறுதியில் டியூஷன் நடத்தினாலும் சரி, கண்ணால் பார்க்க முடியாத மூலக்கூறுகளை அட்டை, கம்பி, மணி கொண்டு எப்படிப் புரியவைக்கலாம் என்பதுதான் விஷயம். பெரிய செலவு இல்லை. ஆனால் முன்னேற்பாடு வேண்டும், வகுப்பில் பொறுமையும் வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அறிவியல் விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற அலங்காரப் பொருள் வேறு, பாடம் நடத்துகிற மாதிரி வேறு. பாடத்துக்கான மாதிரியைத் தப்பாகவும் கட்ட முடிய வேண்டும். தப்பாகக் கட்டினால் அந்த மாதிரியே அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும், ஆசிரியர் வந்து சொல்லக்கூடாது. இந்த இரண்டும் இருந்தால் மாணவன் கையால் யோசிப்பான். இல்லையென்றால் வெட்டி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போவான்.

அதனால்தான் மிட்டாயில் டிஎன்ஏ செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. ஜெல்லி மிட்டாயைப் பல்குச்சியில் எதனோடு வேண்டுமானாலும் கோக்கலாம், எல்லாம் எல்லாவற்றோடும் ஒட்டும். அப்புறம் பல ஜெல்லி மிட்டாய்களிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும். சைவப் பிள்ளைகளும் ஹலால் பார்க்கிற பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் வகுப்பில் அது தேவையில்லாத சங்கடம். எறும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1951 கடைசியில் வாட்சனும் கிரிக்கும் கேம்பிரிட்ஜில் முதன்முதலாகக் கட்டிய டிஎன்ஏ மாதிரியில் மூன்று இழைகள் இருந்தன, பாஸ்பேட் உள்ளே இருந்தது. லண்டனிலிருந்து வந்து பார்த்த ரோசலிண்ட் பிராங்க்ளின், மூலக்கூறில் இருக்கும் தண்ணீரின் அளவுக்கு இது பொருந்தாது, பாஸ்பேட் வெளியேதான் இருக்க வேண்டும் என்று உடனே சொல்லிவிட்டார். 1953 பிப்ரவரியில் பட்டறையிலிருந்து உலோகத் தகடுகள் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாமல், வாட்சன் காரங்களின் (அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்துகளின்) வடிவத்தை அட்டையில் வெட்டி மேசைமேல் நகர்த்திப் பார்த்தார். ஹைட்ரஜன் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதில் பாடப்புத்தகங்களே தவறு என்று வேதியியலாளர் ஜெரி டானஹியு அதற்கு முன்பே திருத்தியிருந்தார். அந்தத் திருத்தத்தோடு வெட்டிய அட்டைகள் சரியாகச் சேர்ந்தன. ஹைட்ரஜன் இடம் மாறினால் ஜோடி சேராது என்ற இந்த ஒரு விஷயத்தைத்தான் நம் அட்டைத் துண்டிலும் கொண்டுவரப் போகிறோம்.

டிஎன்ஏ: துண்டுகளை வெட்டுதல்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். துண்டு சரியாக அமைந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

மணிலா அட்டை போதும், ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் வளைந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள நுரைத் தாள் நல்லது. மிஸ்டர் டிஐஒய் போன்ற கடைகளிலும் எழுதுபொருள் கடைகளிலும் வண்ண வண்ணமாகக் கிடைக்கும். கூடவே நீளமான சாத்தே குச்சி, தடித்த ஸ்ட்ரா, இரண்டு நிறக் கம்பளி நூல், வட்ட ஸ்டிக்கர், செலோஃபேன் டேப்.

எல்லாத் துண்டுக்கும் அகலம் 4 செ.மீ. அடினின், குவானின் இரண்டும் இரட்டை வளையம் கொண்டவை, அவற்றுக்கு நீளம் 7 செ.மீ. தைமின், சைட்டோசின் ஒற்றை வளையம், 5 செ.மீ. ஒரு நீளமும் ஒரு குட்டையும் சேர்ந்தால் 12 செ.மீ. வரும்.

ஒவ்வொரு துண்டையும் பலகைமேல் வைத்து, வலது முனையில் பல் வெட்ட வேண்டும். மேலிருந்து கீழாக அந்த முனையை மூன்று சம இடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியே நீட்டுவது பல், உள்ளே போவது குழி, வெட்டாமல் நேராக விடுவது சமம். பல், குழி இரண்டுக்கும் ஆழம் அரை செ.மீ. பல் என்பது ஹைட்ரஜனைக் கொடுக்கும் இடம், குழி என்பது வாங்கும் இடம். பல்லுக்கான அரை செ.மீ. நான் சொன்ன நீளத்தில் சேராது, அதற்குத் தனியாக இடம் விட்டு வெட்டுங்கள்.

அடினின்: பல், குழி, சமம்.
தைமின்: குழி, பல், சமம்.
குவானின்: குழி, பல், பல்.
சைட்டோசின்: பல், குழி, குழி.

வெட்டி முடித்ததும் துண்டைத் திருப்பாமல், மேலே தெரிகிற முகத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதே நிலையில், இடது முனையின் கீழ் மூலையில் நூல் மாட்ட ஒரு சிறு வெட்டு. நீளத் துண்டுகளில் மட்டும் இடது முனையிலிருந்து 6 செ.மீ. தள்ளி, மேல் ஓரத்துக்கு 1 செ.மீ. கீழே ஒரு துளை, குச்சி நுழைவதற்கு. துளை ஒரு ஓரத்திலும் நூல் வெட்டு எதிர் ஓரத்திலும் இருப்பது முக்கியம். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் கட்டி முடித்த ஏணியில் இழைகளுக்கு நடுவே ஓடும் இரண்டு பள்ளங்களும் ஒரே அளவில் வந்துவிடும். அசல் டிஎன்ஏவில் ஒரு பள்ளம் அகலம், ஒன்று குறுகல். பல புரதங்கள் அந்த அகன்ற பள்ளத்தில் விரல் விட்டுத்தான் எழுத்துகளைப் படிக்கின்றன.

காரத்தின் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், நிறம் பிரித்துப் பார்க்க முடியாத பையன் எந்த வகுப்பிலும் இருக்கலாம். பெயர்களைப் பிள்ளைகள் எந்த மொழியில் தேர்வு எழுதுகிறார்களோ அந்த மொழியில் எழுதினால் அவர்களுக்கு வசதி.

வகுப்பில் கொடுப்பது

நால்வருக்கு ஒரு பை. பன்னிரண்டு ஜோடிக்கு வேண்டிய துண்டுகளோடு, வேண்டுமென்றே கூடுதலாக இரண்டு மூன்று அடினினையும் போட்டு வையுங்கள். இரட்டைப் பாடவேளை இருந்தால் நிதானமாகச் செய்யலாம்.

விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். ஒரு தாளில் 12 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்து, "இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு ஜோடி கச்சிதமா உட்காரணும், பல்லும் குழியும் சேரணும்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்கள் முதலில் நிறம் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். அடினினையும் குவானினையும் வைப்பார்கள், கோட்டைத் தாண்டும். இரண்டு குட்டைகளை வைப்பார்கள், இடைவெளி விழும். அப்புறம் யாராவது அடினினையும் சைட்டோசினையும் வைப்பார்கள். நீளம் சரியாக வரும், ஆனால் பல்லோடு பல் முட்டும்.

"டீச்சர், இது சேர மாட்டேங்குது. இடிக்குது."

"எந்த இடத்துல இடிக்குதுன்னு பாரும்மா."

இதற்கு மேல் பேசக்கூடாது. அந்தப் பிள்ளை விரலை வைத்துத் தடவி, மேலே இருக்கிற பல்தான் தடை என்று கண்டுபிடிக்கும். அதுதான் பாடம்.

அடுத்து வருவது ரொம்பப் பேருக்குப் பிடிபடாத விஷயம், எதிரெதிர்த் திசை. இரண்டு துண்டிலும் ஸ்டிக்கர் மேலே தெரியும்படி வைத்தால் சரியான ஜோடிகூடச் சேராது. ஒன்றைக் குப்புறத் திருப்பினால்தான் சேரும். இதைச் சில குழுக்கள் தற்செயலாகச் செய்துவிட்டு ஏன் என்று கேட்காமல் போய்விடும். அங்கே மட்டும் நீங்கள் நின்று கேளுங்கள்: "ஸ்டிக்கர் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ இருக்கே, எல்லா ஜோடியிலயும் அப்படித்தானா?" ஸ்டிக்கர் முகம் பார்க்கிற திசைதான் இழையின் 5 முனையிலிருந்து 3 முனைக்குப் போகும் திசை என்று அப்போது சொன்னால், பாடப்புத்தகத்தில் அம்புக்குறியாக இருந்தது கையில் வந்துவிடும். அசலில் இதற்கான காரணம் சர்க்கரையும் பாஸ்பேட்டும் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது, பல்லில் மட்டும் இல்லை. படிவம் ஆறு மாணவர்களுக்கு அதையும் சொல்லிவிடுங்கள்.

மேசையில் கடைசியில் அடினின் மிஞ்சிக் கிடக்கும். ஏன் மிஞ்சியது என்று எண்ணச் சொல்லுங்கள். ஜோடியானவற்றில் அடினினும் தைமினும் சம எண்ணிக்கை, குவானினும் சைட்டோசினும் சமம். உயிர்வேதியியலாளர் சர்காஃப் ஆய்வகத்தில் அளந்து கண்ட விகிதம் இது. பிள்ளைகள் அதைத் தாங்களே எண்ணிக் காண்பார்கள்.

முறுக்குதல்

சரிபார்த்த ஜோடிகளின் பின்னால் சிறிது டேப் ஒட்டி, குச்சியில் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். எல்லா ஜோடியிலும் குச்சித் துளை அகன்ற பள்ளத்தின் பக்கமே இருக்க வேண்டும். ஜோடிகளுக்கு நடுவே 1.8 செ.மீ. ஸ்ட்ராத் துண்டு. நுரைத் தாளின் தடிப்போடு சேர்த்து ஒரு படிக்கு 2 செ.மீ. ஆகும். மேலே வைக்கிற ஒவ்வொரு ஜோடியையும், மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 36 பாகை திருப்ப வேண்டும். ஒரு வட்டத்தைப் பத்தாகப் பிரித்த தாளைக் குச்சிக்கு அடியில் வைத்தால் அளவு தவறாது. பத்துப் படியில் ஒரு சுற்று முடியும். கரைசலில் இருக்கும் டிஎன்ஏவில் சுற்றுக்குச் சுமார் 10.5 ஜோடி, ஆனால் வகுப்புக்குப் பத்து வசதி. பிறகு ஓரத்து வெட்டுகளில் இரண்டு நிற நூலை மாட்டிக் கீழிருந்து மேலே இழுத்துவிட்டால் முதுகெலும்பு தயார்.

ஒரு குழுவாவது எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கும். ஒரு சாதாரண திருகாணியைக் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள், டிஎன்ஏவும் வலப்புரிதான். "தலைகீழாப் பிடிச்சாச் சரியாயிடும்" என்று யாராவது வாதாடுவார்கள். பிடித்துப் பார்க்கட்டும். இடப்புரி தலைகீழானாலும் இடப்புரியாகவே இருக்கும். அதற்குப் பிறகு விளம்பரங்களிலும் சின்னங்களிலும் தப்பான பக்கம் முறுக்கிய டிஎன்ஏ படத்தைப் பார்த்தால் அவர்களே பிடித்துவிடுவார்கள்.

அளவைச் சொல்ல மறக்காதீர்கள்

படிகளுக்கு நடுவே அசலில் 0.34 நானோமீட்டர், நம்மிடம் 2 செ.மீ. அகலம் அசலில் 2 நானோமீட்டர், நம்மிடம் 12 செ.மீ. அதாவது ஏறக்குறைய 6 கோடி மடங்கு பெருக்கியிருக்கிறோம். துண்டுகளை இந்த அளவில் வெட்டச் சொன்னதற்குக் காரணம் இதுதான். நீளமும் அகலமும் ஒரே விகிதத்தில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இதே கணக்கில் கேட்கலாம். ஒரு சிவப்பணு இந்த அளவில் எவ்வளவு பெரிது? சுமார் 440 மீட்டர், கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் 452 மீட்டர் உயரத்துக்குப் பக்கத்தில். ஈ.கோலை பாக்டீரியாவின் 46 லட்சம் ஜோடிகளைக் கட்டினால் 92 கிலோமீட்டர், பட்டர்வொர்த்திலிருந்து கிட்டத்தட்ட அலோர் ஸ்டார் வரை. மனித மரபணுத்தொகுதியின் ஒரு பிரதிக்கு 62,000 கிலோமீட்டர், பூமியை ஒன்றரைச் சுற்று சுற்றும். இந்தக் கணக்குகளைப் பிள்ளைகளே போடட்டும். இவ்வளவு நீளம் எப்படி ஒரு உட்கருவுக்குள் அடங்குகிறது என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், டிஎன்ஏவைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன் புரதங்களைப் பற்றிய பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

இரட்டிப்புப் பாடத்துக்கும் இதே துண்டுகள் போதும். டேப்பை உரித்து இழைகளைப் பிரித்து, வேறு நிறத் துண்டுகளால் புது இழை கட்டச் சொன்னால், ஒவ்வொரு மகள் மூலக்கூறிலும் பாதி பழசு, பாதி புதுசு. மெசல்சனும் ஸ்டாலும் 1958இல் காட்டியது அதைத்தான்.

புரதம்: துணிக்கொடிக் கம்பியும் கிளிப்பும்

பிளாஸ்டிக் உறை போட்ட, வளைத்தால் வளைத்தபடி நிற்கிற துணிக்கொடிக் கம்பியில் ஒன்றேகால் மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். கூடவே ஐந்து நிறத்தில் துணிக் கிளிப் பதினைந்து. மஞ்சள் ஆறு, வெள்ளை மூன்று, சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு, பச்சை இரண்டு. மஞ்சள் தண்ணீரை வெறுக்கும் அமினோ அமிலம், வெள்ளை தண்ணீரை விரும்புவது, சிவப்புக்கு எதிர்மின்னூட்டம், நீலத்துக்கு நேர்மின்னூட்டம், பச்சை ஒன்றோடொன்று பிணையும் சிஸ்டீன். ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த வரிசையில் கிளிப் மாட்டட்டும்.

இப்போது விதி: மஞ்சள் எல்லாம் உள்ளே, வெள்ளை வெளியே, சிவப்புக்குப் பக்கத்தில் நீலம், இரண்டு பச்சையும் தொட்டுக்கொள்ள வேண்டும். மடியுங்கள்.

மடிக்கத் தொடங்கினால்தான் கஷ்டம் தெரியும். பச்சையைச் சேர்த்தால் மஞ்சள் வெளியே வந்துவிடும். மஞ்சளை உள்ளே தள்ளினால் சிவப்பு தனியாகப் போய்விடும். சில வரிசைகள் மடியவே மடியாது, அந்தக் குழு தோற்றுப்போனதாக நினைத்து முகம் வாடும். அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள்: எந்த வரிசையும் புரதமாக மடிந்துவிடும் என்று இயற்கையும் உறுதி கொடுப்பதில்லை. பக்கத்துக் குழுவின் வடிவம் வேறாக இருப்பதைப் பார்க்கும்போது, வரிசைதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது தானாகவே விளங்கும். நான் நடத்துகிற பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள் பலர் இதில் முதலில் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கம்பி எல்லாக் கோணத்திலும் வளையும், அசல் புரதம் வளையாது. அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதால் பெரும்பாலான கோணங்கள் ஆகாதவை. எவை ஆகும், எவை ஆகாது என்று கணக்கிட்டு வரைபடமாக்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன், 1963இல் தம் சகாக்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரனுடன் சேர்ந்து. உலகம் முழுக்கப் புரத வடிவங்களை இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் இந்தப் பெயரைக் கட்டாயம் கேள்விப்பட வேண்டும்.

அடுத்த வாரம் நிஜமான புரதம் ஒன்று வேண்டுமென்றால் இன்சுலின் எடுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அந்தப் பெயர் தெரியாத பிள்ளை இருக்காது. மணிகள் 51 போதும். ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30, அவற்றில் ஆறு பச்சை. ஏ சங்கிலியின் 6ஆவதும் 11ஆவதும் தமக்குள் சேரும். ஏயின் 7ஆவது பியின் 7ஆவதோடும், ஏயின் 20ஆவது பியின் 19ஆவதோடும் சேரும். பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதுக்கும் பி சங்கிலியின் கடைசி மணி ஒன்றுதான் வித்தியாசம்.

ஒரு எழுத்து மாறினால்

பள்ளி மாணவர்களுக்குச் சுகாதார அமைச்சு தலசீமியா பரிசோதனை நடத்துகிறது. அது எதற்கு என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க நல்ல வழி, தென்கிழக்காசியாவில் பரவலாக இருக்கும் ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட ஹீமோகுளோபின். பீட்டா குளோபின் மரபணுவின் 26ஆவது குறியன், அதாவது ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து, ஜிஏஜி. அதன் முதல் எழுத்து ஏ ஆகி, ஏஏஜி என்று மாறுகிறது. காகித நாடாவில் "ஜிஜியு ஜிஜியு ஜிஏஜி ஜிசிசி" என்று எழுதிக் கொடுத்து, குறியன் அட்டவணை பார்த்துக் கிளிப் மாட்டச் சொல்லுங்கள். மூன்றாவதில் சிவப்பு வரும், குளூட்டாமிக் அமிலம். எழுத்தை மாற்றினால் நீலம் வரும், லைசின். நாடாவில் ஒரே ஒரு எழுத்து, சங்கிலியில் மின்னூட்டமே தலைகீழ். இதே மாற்றம் ஆர்என்ஏவைத் தப்பான இடத்தில் வெட்டவும் வைக்கிறது, அதனால் குளோபினின் அளவும் குறைகிறது. இதைக் கத்தரிக்கோலால் நாடாவை வெட்டிக் காட்டலாம். பரிசோதனை முடிவு எப்படி வந்தது என்று யாரையும் வகுப்பில் கேட்காதீர்கள், தன் முடிவைச் சொல்லும்படி யாரையும் விடவும் விடாதீர்கள்.

டெங்கி வைரஸ்

இது சுலபம். புரதத் தரவு வங்கியின் கல்வித் தளத்தில் டெங்கி வைரஸின் காகித மாதிரி இலவசமாகக் கிடைக்கிறது, அச்சிட்டு மடித்து ஒட்டினால் உள்ளங்கை அளவில் வரும். இருபது முக்கோண முகங்கள். அசலில் சுமார் 50 நானோமீட்டர் அகலம், நம் டிஎன்ஏ அளவில் மூன்று மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பந்து. உள்ளே இருக்கும் ஆர்என்ஏவுக்கு ஏறக்குறைய 10,700 எழுத்து. வெளித்தோலில் ஒரே புரதத்தின் 180 பிரதிகள் இருப்பதைக் காட்டி, ஏன் ஒரே புரதத்தைத் திரும்பத் திரும்ப வைக்கிறது என்று கேளுங்கள். குட்டி மரபணுத்தொகுதியில் நூறு வகைப் புரதத்துக்கு இடம் ஏது என்ற பதில் சீக்கிரமே வந்துவிடும்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதே வங்கியிலிருந்து கோப்பு எடுத்து அச்சிடலாம். 1971இல் ஏழே வடிவங்களோடு தொடங்கிய வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஆனால் புதியவர்கள் இதில் தொடங்க வேண்டாம். அச்சிட்ட பொருள் அழகாக இருக்கும், பிள்ளைகளால் அதை மாற்ற முடியாது.

மாதிரி சொல்லாதவற்றைச் சொல்லுங்கள்

ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தையும் ஒரே கேள்விக்கு ஒதுக்குங்கள்: இந்த மாதிரியில் எது பொய்? பிள்ளைகள் முதலில் நிறத்தைச் சொல்வார்கள். நடுக்குச்சியை அவர்களே சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், டிஎன்ஏவின் நடுவில் எந்தக் கம்பியும் கிடையாது. நம் மாதிரியில் பல்லும் குழியும்தான் எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கிறது. அசலில் ஏணியை நிலைக்க வைப்பதில் பெரும்பங்கு, காரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காக உட்காருவதற்குத்தான். அப்புறம் சுற்றிலும் தண்ணீர், ஓயாத நடுக்கம், பிரிந்து சேரும் இழைகள். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் பிள்ளை மனதில் குச்சியும் நுரையும்தான் டிஎன்ஏவாகப் பதிந்துவிடும்.

புரிந்ததா என்று பார்க்க, வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரே படத்தை வரையச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் போதும், மதிப்பெண் போட வேண்டியதில்லை.

எடுத்துவைத்தல்

ஜிப் பையில் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். நுரைத் துண்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால்தான் பல் மடங்காது. பையின் வெளியே அதில் இருக்கும் துண்டுகளின் எண்ணிக்கையை எழுதி ஒட்டி, திருப்பி வாங்கும்போது குழுவையே எண்ணித் தரச் சொல்லுங்கள். தைமினும் சைட்டோசினும்தான் அதிகம் தொலையும், குட்டையாக இருப்பதால் நாற்காலிக்கு அடியில் போய்விடும். ஒவ்வொரு வகையிலும் நாலைந்து கூடுதலாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.